நெட் இல்லாத கணினிக்கு லினக்ஸ் பேக்கேஜ் இறக்குவது: எந்தப் பிழைக்கு என்ன வழி

பாளையங்கோட்டையில் நல்ல நெட் இருக்கும் இடத்தில் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) இறக்கி, பென் டிரைவில் போட்டு, அம்பாசமுத்திரம் பஸ்ஸில் கொண்டுபோய் நெட் இல்லாத கணினியில் ஏற்றுகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஊர் நூலகத்துக் கணினி, டியூஷன் வீட்டுக் கணினி, யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப் என்று எதற்காவது இது தேவைப்படுகிறது. பாபநாசத்துக்கு மேலே மலைப்பக்கம் ஏறினால் சிக்னல் வந்து வந்து போகும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கும் இது அந்நியமான காரியம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் முழுக்கத் தண்ணீர் நின்றபோது, கரண்டும் நெட்டும் இல்லாமல் பல தெருக்கள் கிடந்தன. கோப்பு கையில் இருந்தால்தான் அப்படிப்பட்ட நாளில் வேலை நடக்கும்.

இந்தக் குறிப்பு டெபியன், உபுண்டு, மின்ட், அரசு லேப்டாப்பில் வந்த பாஸ் என்று டெப் என்ற வகைப் பேக்கேஜ் கோப்பை ஏற்றும் லினக்ஸ்களுக்கானது. இவற்றில் பேக்கேஜை இறக்கி ஏற்றும் கருவி ஆப்ட், அதன் பழைய வடிவம் ஆப்ட்-கெட். அவற்றுக்கு அடியில் கோப்பை விரித்து ஏற்றுவது டிபிகேஜி. கட்டளைக்கு முன் வரும் சூடோ, நிர்வாகி அனுமதியோடு அதை ஓட்டச் சொல்வது. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை இறக்கும்போதே விழுந்தவை. என்னென்ன இறக்க வேண்டும் என்று கணக்குப் போட வேண்டியது ஏற்றப்போகிற கணினி. நெட் இருக்கிற கணினி போடும் கணக்கு அதற்குப் பொருந்தாது. அடுத்த வீட்டு அடுக்களையைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு மளிகை வாங்கினால் எது குறையும், எது மிஞ்சும் என்று தெரியாதல்லவா, அதே சங்கதிதான்.

அதற்கும் முன்னால், இவ்வளவு பாடும் தேவையா என்று பாருங்கள். வைஃபை வேலை செய்யாததால்தான் நெட் இல்லை என்றால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் கணினியோடு சேர்த்து, போன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை வயர் நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் கேட்காது. போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே வயர் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும். வைஃபை டிரைவரை இறக்க வைஃபை வேண்டும் என்ற முட்டுச்சந்திலிருந்து பலர் இப்படித்தான் வெளியே வந்திருக்கிறார்கள். புதிதாக லினக்ஸ் போடப்போகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், வைஃபை சிப்புகள் இயங்கக் கேட்கும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் அதிகாரபூர்வ இன்ஸ்டால் வட்டிலேயே இருக்கிறது.

அதுவும் முடியாது என்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

"எல்லாம் இறக்கிட்டேன் அண்ணாச்சி, ஆனா ஏற மாட்டேங்கு"

திரையில் "டிபெண்டன்சி ப்ராப்ளம்ஸ்" என்றோ, இன்ன பேக்கேஜ் "நாட் இன்ஸ்டாலபிள்" என்றோ வரும். அதிகம் வரும் பிழை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எப்படி இறக்கினீர்கள் என்பதில் பதில் இருக்கிறது. "ஆப்ட்-கெட் டவுன்லோட்" என்று போட்டிருந்தால், நீங்கள் பெயர் சொன்ன ஒரே ஒரு டெப் கோப்பு மட்டும் நிற்கிற ஃபோல்டரில் வந்து விழும். அது சார்ந்திருக்கும் மற்றவை வராது. "ஆப்ட்-கெட் --டவுன்லோட்-ஒன்லி இன்ஸ்டால்" என்று போட்டிருந்தால் சார்புகளும் வரும். ஆனால் அந்தக் கணினியில் ஏற்கெனவே ஏற்றியிருப்பவை வராது. உங்கள் வீட்டு உபுண்டுவில் பல வருடமாக எதையெதையோ ஏற்றி வைத்திருப்பீர்கள். அது "எனக்கு இரண்டு கோப்பு போதும்" என்று சொல்லும். ஊரில் இருக்கும் புதுக் கணினிக்கு அதே பேக்கேஜுக்கு இருபது தேவைப்படலாம்.

சரியான வழி, ஊர்க் கணினியின் நிலவரத்தையே நெட் இருக்கும் கணினிக்குக் கொண்டுவருவது. என்னென்ன ஏற்றப்பட்டிருக்கிறது என்ற கணக்கு முழுவதும் ஒரே ஒரு உரைக் கோப்பில் இருக்கிறது: /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ். அதைப் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். சில எம்பிதான் இருக்கும். நெட் உள்ள கணினியில் ஹோம் ஃபோல்டருக்குள் "பை" மாதிரி ஏதாவது ஒரு பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் "பார்ஷியல்" என்று இன்னொரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். முதலில் "சூடோ ஆப்ட் அப்டேட்". அப்புறம் இது, ஒரே வரியாக:

சூடோ ஆப்ட்-கெட் -ஓ டிர்::ஸ்டேட்::ஸ்டேட்டஸ்=(எடுத்துவந்த ஸ்டேட்டஸ் கோப்பின் முழுப் பாதை) -ஓ டிர்::கேச்::ஆர்கைவ்ஸ்=(பை ஃபோல்டரின் முழுப் பாதை) --டவுன்லோட்-ஒன்லி இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்

கடைசி இரண்டும் தமிழ் அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் பேக்கேஜ்கள். உங்களுக்கு வேண்டியதை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். இப்போது ஆப்ட் ஊர்க் கணினியின் கணக்கைப் படித்து, அதற்கு எது குறைகிறதோ அதை மட்டும் இறக்கும். உங்கள் கணினியில் எதையும் ஏற்றாது, எதையும் மாற்றாது.

ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கணினியிலும் ஒரே லினக்ஸ், ஒரே பதிப்பு, ஒரே வகைப் பிராசசர் இருக்க வேண்டும். உபுண்டு 22.04-இல் இறக்கி 24.04-இல் ஏற்றினால் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிக் கோப்புகளின் பதிப்பு எண்கள் மோதிக்கொள்ளும். பதிப்பு வேறு என்றால், ஊர்க் கணினியில் இருக்கும் அதே பதிப்பின் லைவ் யூஎஸ்பியை (வட்டில் ஏற்றாமலேயே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸை) போட்டு நெட் உள்ள கணினியைப் பூட் செய்து, அங்கிருந்து மேலே சொன்ன கட்டளையைக் கொடுங்கள். லைவில் ராம்தான் வட்டு, அதனால் "பை" ஃபோல்டரை வேறொரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ வைத்துக்கொள்வது நல்லது.

நெட் சென்டரில் விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறதா? அப்போது ஊர்க் கணினியிலேயே "ஆப்ட்-கெட் -க்யூக்யூ --ப்ரிண்ட்-யூஆர்ஐஸ் இன்ஸ்டால்" என்று பேக்கேஜ் பெயரோடு கொடுத்து, வருவதை ஒரு உரைக் கோப்பில் சேமியுங்கள். இறக்க வேண்டிய ஒவ்வொரு கோப்பின் முகவரியும் அதில் இருக்கும். எந்த பிரவுசரிலும் ஒட்டி இறக்கலாம். ஊர்க் கணினி எப்போதாவது ஒரு முறை நெட்டைப் பார்த்து அப்டேட் ஆகியிருந்தால்தான் இது நடக்கும்; இல்லையென்றால் பேக்கேஜையே தெரியாது என்று சொல்லிவிடும்.

மாதாமாதம் இந்த வேலை இருக்கிறவர்களுக்கு ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவியைச் சொல்வேன். ரித்தேஷ் ராஜ் சராஃப் என்ற டெபியன் உருவாக்குநர் எழுதியது. ஊர்க் கணினியில் "செட்" கட்டளை ஒரு கோரிக்கைக் கோப்பு எழுதித் தரும். நெட் உள்ள கணினியில் "கெட்" அதைப் படித்து எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டும். திரும்பி வந்து "இன்ஸ்டால்" கொடுத்தால் ஆப்ட் எதிர்பார்க்கும் இடத்தில் அவற்றைச் சேர்த்துவிடும். அதன்பின் வழக்கம்போல ஆப்ட்-கெட்டில் ஏற்றிக்கொள்ளலாம். நெட் உள்ள கணினி விண்டோஸாக இருந்தாலும் பைத்தான் இருந்தால் போதும். முதல் தடவை மட்டும் இரண்டு நடை ஆகும்: ஒன்று பேக்கேஜ் பட்டியலைக் கொண்டுவர, அடுத்தது பேக்கேஜ்களைக் கொண்டுவர.

இனி ஏற்றுவது. டெப் கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்குள் நின்று "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./*.டெப்" என்று கொடுங்கள். முன்னால் இருக்கும் புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அதைக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் பேக்கேஜ் பெயர் என்று நினைத்துத் தேடி, காணோம் என்று சொல்லும். பலரும் சொல்லித்தரும் "டிபிகேஜி -ஐ" கட்டளையை இதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டிபிகேஜி முதலில் கோப்பை விரித்துவிடும், அப்புறம்தான் சார்பு இல்லை என்று நிற்கும். கணினி பாதி ஏற்றிய நிலையில் கிடக்கும். ஆப்ட் அப்படி இல்லை, எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். ஏதாவது குறைந்தால் எதையும் தொடாமல் பெயரைச் சொல்லி நின்றுவிடும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு போனால் அடுத்த நடையில் காரியம் முடியும். ஆனால் அது சொல்லும் பேக்கேஜுக்கும் கீழே இன்னொரு அடுக்குச் சார்பு இருக்கலாம். அதனால் அந்த ஒரு கோப்பை மட்டும் தனியாக இறக்காமல், ஸ்டேட்டஸ் வழியிலேயே இறக்குங்கள்.

டிபிகேஜியில் ஏற்றி ஏற்கெனவே பாதியில் நிற்கிறதா? "டிபிகேஜி --ஆடிட்" எது பாதியில் கிடக்கிறது என்று காட்டும். விடுபட்ட டெப் கோப்புகளைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டு "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" கொடுங்கள். "ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டால்" என்பதையும் சொல்வார்கள். நெட் இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் நீங்கள் ஏற்றியதையே நீக்கத்தான் வழி சொல்லும். எஸ் என்று தட்டுவதற்கு முன் பட்டியலை நிதானமாகப் படியுங்கள்.

"இது டெபியன் ஃபார்மட் ஆர்கைவ் அல்ல" என்கிறது

"ஃபைல்" கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். "எச்டிஎம்எல்" என்று சொன்னால், நீங்கள் சேமித்தது பேக்கேஜை அல்ல, ஏதோ ஒரு இணையப் பக்கத்தை. காலேஜ் வைஃபையில் லாகின் பக்கம் குறுக்கே வந்தால் இப்படி ஆகும். டெப் என்றே காட்டி, ஆனாலும் பாதியில் "எண்ட் ஆஃப் ஃபைல்" என்று முறிந்தால் கோப்பு முழுதாக வரவில்லை. அல்லது பென் டிரைவை எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியிருக்கிறீர்கள். லினக்ஸில் காப்பி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் எழுத்து வேலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். "சிங்க்" என்று தட்டி, அது திரும்பி வந்த பிறகு கழற்றுங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் நெட் உள்ள கணினியில் "ஆப்ட்-கேச் ஷோ" கொடுத்து, அதில் வரும் ஷா256 எண்ணையும் (கோப்பின் கைரேகை மாதிரி), "ஷா256சம்" கட்டளை அந்தக் கோப்புக்குத் தரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். பஸ் ஏறுவதற்கு முன் இதைச் செய்தால் ஒரு நடை மிச்சம்.

"கண்ட்ரோல்.டார்.இசட்எஸ்டி", "அன்நோன் கம்ப்ரஷன்" என்று வந்தால் கோப்பு கெடவில்லை, ஊர்தான் மாறியிருக்கிறது. உபுண்டு 21.10 முதல் தன் பேக்கேஜ்களை இசட்-ஸ்டாண்டர்டு முறையில் சுருக்குகிறது. டெபியன் 11-உம் அதற்கு முந்தையவையும் அதைப் படிக்காது. டெபியன் 12 படிக்கும், ஆனால் படிக்கிறது என்பதற்காக உபுண்டு பேக்கேஜை டெபியனில் போடாதீர்கள். இன்றைக்கு ஏறினாலும் அடுத்த அப்டேட்டில் இடிக்கும்.

"ஆர்க்கிடெக்சர் டஸ் நாட் மேட்ச்" என்றால் 64 பிட் கோப்பை 32 பிட் கணினியில் ஏற்றப் பார்க்கிறீர்கள், அல்லது ராஸ்பெர்ரி பையில் சாதாரணப் பிசியின் கோப்பை. ஊர்க் கணினியில் "டிபிகேஜி --ப்ரிண்ட்-ஆர்க்கிடெக்சர்" கொடுத்தால் எந்த வகை என்று சொல்லும். 32 பிட் பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உபுண்டு அந்த வகைக்கு டெஸ்க்டாப் வட்டு தருவதை 17.10-இலேயே நிறுத்திவிட்டது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் இல்லை. டெபியன் 12-ஐ வைத்து ஓட்டுங்கள், அதற்கான பேக்கேஜ்களை நெட்டில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றி முடித்தபின் பார்த்தால் ஃபோல்டர் காலி

இறக்கிய கோப்புகள் /வார்/கேச்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் ஃபோல்டரில் இருக்கும் என்று எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் "ஆப்ட்" என்ற கட்டளை, ஏற்றி முடித்ததும் அவற்றை அழித்துவிடும். பழைய "ஆப்ட்-கெட்" அழிக்காது. ஒரு கணினியில் ஏற்றியதை அடுத்த கணினிக்கும் கொண்டுபோக வேண்டும் என்றால் ஆப்ட்-கெட்டையே பயன்படுத்துங்கள். நாலைந்து கணினி இருக்கும் லேபில் இது பெரிய மிச்சம். "ஆப்ட்-கெட் க்ளீன்" கொடுத்தால் எல்லாம் போய்விடும். "ஆட்டோக்ளீன்" சர்வரில் இனிக் கிடைக்காத பழைய பதிப்புகளை மட்டும் அழிக்கும். நெட் இல்லாத கணினிக்குச் சேர்த்து வைப்பவர்களுக்கு அந்தப் பழையவைதான் சில சமயம் தேவைப்படும், அதனால் முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கும்போதே பிழை: 404, ஹாஷ் சம் மிஸ்மேட்ச், நோஸ்ப்ளிட்

404 வந்தால் உங்கள் பட்டியல் பழையது. சர்வரில் புதுப் பதிப்பு வந்து, பழைய கோப்பை எடுத்திருப்பார்கள். ஆப்ட் அப்டேட் கொடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். ப்ரிண்ட்-யூஆர்ஐஸ் பட்டியலை வாரக்கணக்கில் பையில் வைத்திருந்து இறக்கப் போனாலும் இதே கதைதான். அப்டேட்டே 404 சொன்னால், அந்த லினக்ஸ் பதிப்பின் ஆயுள் முடிந்திருக்கலாம். டெபியன் 9 போன்ற பழையவை ஆர்கைவ்.டெபியன்.ஆர்க் முகவரியிலும், ஆயுள் முடிந்த உபுண்டுகள் ஓல்ட்-ரிலீசஸ்.உபுண்டு.காம் முகவரியிலும் இருக்கின்றன. எங்கிருந்து இறக்குவது என்று ஆப்ட் பார்க்கும் சோர்சஸ் கோப்பில் முகவரியை மாற்றினால் மறுபடி இறக்கலாம். பாதுகாப்புத் திருத்தம் இனி அவற்றுக்கு வராது, எனவே நெட்டில் வைத்திருக்கும் கணினிக்கு இது வேண்டாம்.

"நோஸ்ப்ளிட்" என்ற சொல்லும், இந்த நெட்வொர்க்கில் லாகின் தேவையா என்ற கேள்வியும் வந்தால், ஆப்ட்டே உங்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டது. ஹாஸ்டல் வைஃபை, லாட்ஜ் வைஃபை எதிலும் இது வரும். பிரவுசரைத் திறந்து லாகின் செய்துவிட்டு வாருங்கள்.

ஹாஷ் சம் மிஸ்மேட்ச் என்றால் வந்து சேர்ந்ததும், வர வேண்டியதும் ஒன்றல்ல. /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பவற்றை அழித்துவிட்டு மறுபடி அப்டேட் கொடுங்கள். அப்படியும் வந்தால் அந்த மிரர் சர்வர் (பேக்கேஜ்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்) தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம், சில மணி நேரம் கழித்துப் பாருங்கள், அல்லது வேறு மிரருக்கு மாறுங்கள். இந்தச் சோதனையை அணைத்துவிட்டு இறக்கும் குறுக்குவழிகளை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோப்பு நடுவழியில் மாறவில்லை என்று உறுதி சொல்வது அந்த எண் ஒன்றுதான்.

"ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்"

கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய பெட்டியில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். நேற்று எழுதப்பட்ட பட்டியல் அதன் கண்ணுக்கு வருங்காலத்தில் இருக்கும், அதனால் ஏற்க மறுக்கும். "சூடோ டேட் -எஸ்" கட்டளையில் தேதியும் நேரமும் கொடுத்தால் உடனே சரியாகும். பேட்டரியை மாற்றினால்தான் நிலையாகச் சரியாகும். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலும் கிடைக்கும்.

இறங்குவது நின்று நின்று போகிறது

சீரோ பர்சென்டில் "கனெக்டிங் டு" என்று நிற்கிறது, அந்த முகவரியில் முக்காற்புள்ளிகள் நிறைய இருக்கின்றன என்றால் அது ஐபி பதிப்பு 6 முகவரி. "-ஓ அக்கொயர்::ஃபோர்ஸ்ஐபிவி4=ட்ரூ" என்பதைச் சேர்த்துப் பாருங்கள். பாதியில் அறுந்தால் பயப்பட வேண்டாம், அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். வந்த அளவு "பார்ஷியல்" ஃபோல்டரில் காத்திருக்கும், அங்கிருந்து தொடரும். தனியாக டபிள்யூகெட்டில் இறக்குபவர்கள் "-சி" சேர்க்க வேண்டும். டேட்டா குறைவாக இருந்தால் "--நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்" போடுங்கள். கட்டாயமானவை மட்டும் வரும், சில பேக்கேஜ்களில் அளவு வெகுவாகக் குறையும்.

ஏற்றும்போது கரண்ட் போய்விட்டது

"டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்" என்று அடுத்த முறை சொல்லும், கூடவே என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லும்: "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ". அதைச் செய்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் யூபிஎஸ் இல்லாத பெட்டியில் பெரிய அப்டேட்டைத் தொடங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

பயமுறுத்தும், ஆனால் பழுதல்ல

கோப்பின் பெயருக்கு நடுவே "%3ஏ" என்று இருக்கிறதா? பதிப்பு எண்ணில் வரும் முக்காற்புள்ளியை ஆப்ட் அப்படி எழுதுகிறது. விட்டுவிடுங்கள். "அன்சேண்ட்பாக்ஸ்டு ஆஸ் ரூட்" என்று கடைசியில் ஒரு வரி வந்தால் அது வெறும் எச்சரிக்கை. ஹோம் ஃபோல்டரிலோ பென் டிரைவிலோ இருக்கும் கோப்பை ஆப்ட்டின் தனிப் பயனரால் படிக்க முடியவில்லை, அதனால் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராகப் படித்தது, அவ்வளவுதான். "குட் நாட் கெட் லாக்" என்றால் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் ஆலோசனை மிக ஆபத்தானது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்த ஸ்டேட்டஸ் கணக்கில் எழுதினால் அதைத் திருத்துவது பெரும்பாடு.

கோப்பு வந்தது, ஏறியது, ஆனால் நெட் கேட்கிறது

சில பேக்கேஜ்கள் பெயருக்குத்தான் பேக்கேஜ். உபுண்டுவில் 19.10 முதல் குரோமியமும், 22.04 முதல் ஃபயர்பாக்ஸும் டெப்பாக வருவதில்லை. டெப்பின் பெயரில் இருப்பது சிறிய கோப்பு, ஏற்றும்போது அது நெட்டுக்குப் போய் ஸ்நாப் என்ற வேறு வகைப் பேக்கேஜை இழுக்கும். நெட் உள்ள இடத்தில் "ஸ்நாப் டவுன்லோட் ஃபயர்பாக்ஸ்" கொடுங்கள். ஸ்நாப், அதைச் சரிபார்க்கும் அசர்ட் என்று இரண்டு கோப்பு வரும், இரண்டையும் எடுத்துப் போங்கள். ஊர்க் கணினியில் முதலில் "சூடோ ஸ்நாப் அக்" கொடுத்து அசர்ட் கோப்பை ஏற்றுங்கள், அப்புறம் "சூடோ ஸ்நாப் இன்ஸ்டால்" கொடுத்து ஸ்நாப் கோப்பை. அது கேட்கும் அடிப்படை ஸ்நாப்புகள் ஊர்க் கணினியில் இல்லையென்றால் அவற்றையும் இதேபோல இறக்கி முதலில் ஏற்ற வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களைத் தரும் எம்எஸ்கோர்ஃபான்ட்ஸ் இன்ஸ்டாலரும் இதே இனம். உள்ளே எழுத்துரு இருக்காது, ஏற்றும்போதுதான் இறக்கும். தமிழ் எழுத்துருக்களில் இந்தத் தொல்லை இல்லை. ஃபான்ட்ஸ்-லோகித்-டாம்ல் (கடைசிச் சொல் டி-ஏ-எம்-எல், நடுவில் ஐ எழுத்து கிடையாது) என்ற பேக்கேஜுக்குள்ளேயே எழுத்துரு முழுதாக இருக்கிறது. அந்த ஒரு டெப் கோப்பைக் கொண்டுபோய் ஏற்றினால், கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ் உடனே எழுத்தாகத் தெரியும்.